நோயாளியின் மொழியில் மருத்துவம்: சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்வும் தமிழ்ப் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). அறிவியல் தமிழ் வரலாற்றில் அவர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளராகவும் கலைச்சொல்லாக்க முன்னோடியாகவுமே மதிப்பிடப்பெறுகிறார். அவருடைய மொழிபெயர்ப்புப் பணிக்கு அடிப்படையாக நின்றது, நோயாளி தன் நோயைத் தன் மொழியில் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் மருத்துவத் தேவையே என்பதை இக்கட்டுரை அவர் வாழ்க்கை வரலாற்றின் வழி நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கிறீன், மானிப்பாய், மருத்துவத் தமிழ், கலைச்சொல், நோயாளி, தமிழ்வழிக் கல்வி.

1. முன்னுரை

புதுச்சேரியில் தட்டாஞ்சாவடிக்கு அண்மையில் கோரிமேட்டில் அமைந்துள்ள ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் தோற்றுவாய், பிரெஞ்சு ஆட்சியினர் 1823இல் நிறுவிய மருத்துவப் பள்ளியாகும். அங்குப் பயிற்றுமொழி பிரெஞ்சு. சென்னையில் 1835இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் ஆங்கிலத்தில் கற்பித்தன. இம்மூன்று நகரங்களிலும் மருத்துவம் நாடி வந்த தமிழ் நோயாளியின் மொழி ஒன்றாகவும், மருத்துவர் கற்ற மொழி வேறொன்றாகவும் இருந்தன. அந்த இடைவெளி இன்றும் முற்றிலும் மறையவில்லை. மருந்துச் சீட்டு, ஆய்வக அறிக்கை, அறுவைக்கு முன் கையொப்பமிடும் ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் பொருளைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நோயாளிகளை எந்த மருத்துவமனை வாயிலிலும் காணலாம்.

இவ்விடைவெளியைக் குறைப்பதற்கு, நோயாளி மருத்துவரின் மொழியைக் கற்கலாம். அல்லது மருத்துவர் நோயாளியின் மொழியில் மருத்துவம் கற்கலாம். இரண்டாம் வழியை 1864ஆம் ஆண்டிலேயே முறையான பாடத்திட்டமாக்கிச் செயற்படுத்தியவர் கிறீன். அவர் அம்முடிவுக்கு வந்த வழியை அவர் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

2. பிறப்பும் யாழ்ப்பாண வருகையும்

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன்ஹில் எனப்பெற்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். நியூயார்க் மாநகரின் விரிவாக்கத்துக்குப் பெயர்பெற்ற ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருடைய தமையனார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷன் அமைப்பின் சார்பில் 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்னரே அங்கு மிஷன் மருத்துவப் பணி வேர்கொண்டிருந்தது. ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், நாதன் வார்ட் வட்டுக்கோட்டையிலும் பணியாற்றியிருந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் ஆங்கிலவழி உயர்கல்வி அளித்துவந்தது. மானிப்பாய் மிஷன் அச்சகத்திலிருந்து 1841 முதல் ‘உதயதாரகை’ என்னும் இதழ் வெளிவந்தது. ஆங்கிலம் கற்ற இளைஞர், தமிழ் அச்சகம், தமிழில் படிக்கும் பழக்கமுடைய மக்கள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த சூழல் கிறீனுக்கு வாய்த்தது. 1848இல் மானிப்பாயில் நிலைகொண்ட அவர், அங்கு மருத்துவமனையையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார்.

3. மருத்துவமனை வாயிலில் கற்ற பாடம்

மானிப்பாய்க்கு வந்த நோயாளிகள் மருத்துவம் அறியாதவர்கள் அல்லர். சித்த மருத்துவ மரபும் நாட்டு வைத்தியர்களும் வழங்கிய சொற்களால் தம் உடலையும் நோயையும் விளக்கிக்கொள்ளும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் பாகுபாடும் பத்தியம் என்னும் கருத்தும் அவர்கள் வாழ்வோடு இயைந்தவை. புதிய மருத்துவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பது அவர்களுக்கு விளங்க வேண்டுமாயின் அவ்விளக்கம் அவர்கள் அறிந்த சொற்களிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. கிறீன் தமிழைப் பேசவும் எழுதவும் கற்றார்.

கொள்ளைநோய்கள் இத்தேவையை மேலும் கூர்மையாக்கின. வாந்திபேதி பரவும் காலத்தில் ஒரு மருத்துவர் நேரில் காணக்கூடிய நோயாளிகள் மிகச் சிலரே. ஏனையோர்க்கு அவருடைய அறிவு எழுத்தின் வழியே சென்றாக வேண்டும். கிறீன் வாந்திபேதி பற்றித் தமிழில் சிறு வெளியீடு ஒன்றை எழுதினார். கண், காது, கை, வாய் முதலிய உறுப்புகளைப் பற்றியும் பொதுமக்கள் படிக்கத்தக்க துண்டு நூல்களை வெளியிட்டார். அவர் பெயரை நிலைநிறுத்திய பெருநூல்களோடு ஒப்பிடுகையில் இவை அளவில் மிகச் சிறியவை. ஆயினும் நோயாளிக்கு நேரடியாக அறிவிப்பதற்கென எழுதப்பெற்றவை இவையே. மாணவர்க்குரிய பாடநூல் மருத்துவர் ஒருவர் வழியாகவே நோயாளியை எட்டும். துண்டு நூலோ இடையீடின்றி அவர் வீட்டுத் திண்ணைக்கே சென்று சேரும்.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. கிறீனின் மருத்துவமனையில் மருத்துவமும் மதப் பரப்புரையும் பிரிக்கப்படவில்லை. நோயாளி உடல்நலச் செய்தியோடு சமயச் செய்தியையும் கேட்க நேர்ந்தது. தம் முதற்பணி சமயப் பணியே என்பதைக் கிறீன் ஒருபோதும் ஒளித்ததில்லை. அவருடைய மருத்துவத் தமிழை மதிப்பிடும் ஆய்வாளர் இவ்விரு நோக்கங்களையும் சேர்த்தே கருத வேண்டும்.

4. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். தேர்ந்த மாணவர்கள் பலர் அரசுப் பணியையும் வெளியூர் வாய்ப்புகளையும் நாடிச் சென்றனர். ஆங்கிலக் கல்வி அவர்களை உயர்த்தியது. ஆனால் எந்தச் சிற்றூர் நோயாளிகளுக்காகப் பயிற்றப்பெற்றார்களோ அவர்களிடமிருந்து அகற்றியும்விட்டது. உடையிலும் பழக்கவழக்கங்களிலும் தம் மாணவர் ஐரோப்பியரைப் பின்பற்றுவதைக் கிறீன் விரும்பவில்லை. மக்களிடமிருந்து தோற்றத்தாலும் பேச்சாலும் வேறுபட்ட மருத்துவரை மக்கள் அணுகமாட்டார்கள் என்னும் கணிப்பு இதன் பின்னே இருந்ததாகக் கொள்ளலாம்.

1857இல் தாயகம் சென்ற கிறீன், 1862இல் திருமணம் செய்துகொண்டு மானிப்பாய்க்குத் திரும்பினார். 1864 முதல் மருத்துவ வகுப்பைத் தமிழில் நடத்தினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கும் மேற்பட்டோர். தமிழ்வழி வகுப்பின் நோக்கம் தெளிவானது. தமிழில் கற்றவர் தமிழ் ஊர்களில் தங்குவார். அங்குள்ள நோயாளியிடம் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி நோயை வினவுவார். மருந்தையும் அதன் அளவையும் உண்ணும் முறையையும் அவருக்கு விளங்க உரைப்பார்.

5. நூல்களும் சொற்களும்

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல்கள் வேண்டும். கட்டரின் நூலைத் தழுவிய அங்காதிபாத, சுகரணவாத, உற்பாலன நூலும் மான்செல்லின் நூலைத் தழுவிய ‘பிரசவ வைத்திய’மும் 1850களில் வெளிவந்தன. தமிழ்வழி வகுப்பு தொடங்கிய பின் ட்ரூயிட்டின் அறுவை நூல் ‘இரண வைத்தியம்’ என 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனவும் ஹூப்பரின் நூல் ‘வைத்தியாகரம்’ எனவும் 1872இலும், வேதியியல் நூல் ‘கெமிஸ்தம்’ என 1875இலும், டால்ட்டனின் உடலியங்கியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என 1883இலும் வெளிவந்தன. சாப்மன், டன்போர்த் முதலிய மாணவர்கள் இம்மொழிபெயர்ப்புகளில் பங்கேற்றனர். இவர்கள் தமிழர்களே, அமெரிக்கர் பெயர்களை மாணவர்க்கு இடும் மிஷன் வழக்கத்தால் இப்பெயர்களைப் பெற்றவர்கள். எனவே இந்நூல்களைக் கிறீன் ஒருவரின் ஆக்கமாக மட்டும் கருதுவது பொருந்தாது.

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு முறைவைப்பைக் கைக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேட வேண்டும். தமிழில் கிடைக்காவிடில் வடமொழியை நாட வேண்டும். அங்கும் பொருந்தும் சொல் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிமரபுக்கேற்ப ஏற்க வேண்டும். சொற்பட்டியல்களையும் அவர் வெளியிட்டார்.

நூற்பெயர்களை நோக்கினாலே இம்முறையின் இயல்பும் எல்லையும் புலனாகும். ‘இரணம்’, ‘பிரசவம்’ என்பன வடமொழி வழிவந்தவையாயினும் எழுத்தறியாத நோயாளியும் அறிந்த சொற்கள். ‘அங்காதிபாதம்’ என்பது கேசாதிபாதம், பாதாதிகேசம் என உடலை முறையாக வருணிக்கும் சிற்றிலக்கிய வகைகளின் பெயர்களைத் தமிழ் கற்றோர்க்கு நினைவூட்டும். ‘உற்பாலனம்’ என்பதில் காத்தல் என்னும் பொருளுடைய பாலனம் இருப்பதைக் கற்றவர் உணர்வர். நோயாளி உணர்வது அரிது. ‘கெமிஸ்தம்’ என்பது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு பொருத்திய ஆக்கம். நோயாளியின் சொல், புலவரின் சொல், அயலாரின் சொல் என்னும் மூன்று படிநிலைகள் ஒரே நூல்வரிசையில் அமைந்துள்ளன.

வடசொற்கள் மிகுதி என்பது இந்நூல்களின் மீது வைக்கத்தக்க குறையே. எனினும் பாடநூலின் சொல்லும் படுக்கையருகே பேசும் சொல்லும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளின் மருத்துவ நூல்களும் இலத்தீன், கிரேக்கச் சொற்களால் நிறைந்தவையே. தமிழில் கற்ற மருத்துவருக்குக் கிடைத்த பயன், கடினமான கலைச்சொல்லையும் அதனை விளக்கும் எளிய வாக்கியத்தையும் ஒரே மொழியில் சிந்திக்கும் ஆற்றலாகும். ஆங்கிலத்தில் கற்றவர் நோயாளிக்கு விளக்கும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கிறீனின் மாணவர்க்கு அவ்வேலை நூலிலேயே முடிந்திருந்தது.

6. ஆறுமுக நாவலரும் கிறீனும்

கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டு டிசம்பரில் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மிஷன் சமயப் பரப்புரையை எதிர்த்துச் சைவத்தை நிலைநிறுத்தப் பாடுபட்ட நாவலரும், அம்மிஷனின் மருத்துவரான கிறீனும் எதிரெதிர்ப் பாசறையினர். ஆயினும் இருவர் பணியிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கற்றோர்க்கு மட்டும் உரியதாயிருந்த அறிவை உரைநடை, அச்சு, பள்ளி ஆகிய மூன்றன் வழியாகப் பொதுமக்களிடம் சேர்க்கலாம் என இருவரும் நம்பினர். நாவலர் பாலபாடங்களால் செய்ததை ஒத்த முயற்சியைக் கிறீன் மருத்துவ நூல்களால் செய்தார். 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத் தமிழ் உரைநடையின் வரலாறு இவ்விருவரையும் ஒருங்கே வைத்து எழுதப்பெறும்போதுதான் நிறைவுறும்.

7. இறுதிக் காலமும் பின்விளைவும்

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். கிறீன்ஹில்லில் இருந்தபோதும் தமிழ் நூற்பணியை அவர் நிறுத்தவில்லை. தமிழ் பேசுவோர் இல்லாத ஊரில் இருந்துகொண்டு தமிழ் மருத்துவ நூல்களைச் செப்பனிட்டுவந்தார். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். தம் கல்லறைக் கல்லில் தாம் தமிழர்க்கு மருத்துவ நற்செய்தியாளராகப் பணியாற்றியமை குறிக்கப்பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பெற்றது. மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. அரசுப் பணியும் சமூக மதிப்பும் ஆங்கிலத்தைச் சார்ந்திருந்தபோது, தமிழில் மட்டும் கற்ற மருத்துவரின் எதிர்காலம் குறுகியதாகவே இருந்தது. ஊரைவிட்டு அகலாத மருத்துவரை உருவாக்க வேண்டும் என்னும் கிறீனின் நோக்கம், அம்மாணவரின் நோக்கிலிருந்து பார்த்தால் அவருடைய உயர்வுக்குத் தடையாகவும் தோன்றியிருக்கும். நோயாளியின் நலனும் மருத்துவ மாணவரின் நலனும் மொழியின் பொருட்டு முரண்பட்ட இடம் இது. இம்முரணை நீக்கும் ஆற்றல் ஒரு தனிமனிதருக்கோ ஒரு மிஷனுக்கோ இல்லை. அரசின் மொழிக் கொள்கைக்கே அது உண்டு.

8. முடிவுரை

கிறீனின் கலைச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியலாகவும் கெமிஸ்தம் வேதியியலாகவும் மாறிவிட்டன. சொற்கள் மறைந்தமையால் அவருடைய முயற்சி தோற்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. நோயாளிக்கு விளங்கும்படி அறிவிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதையும், அதற்குரிய ஆயத்தம் மருத்துவக் கல்வியின்போதே தொடங்க வேண்டும் என்பதையும் அவர் செயலால் காட்டினார்.

சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், இடர்கள் ஆகியவற்றை நோயாளிக்கு உரிய அளவில் எடுத்துரைத்த பின்னரே அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் வலியுறுத்தியது. விளங்காத மொழியில் தரப்படும் விளக்கம் விளக்கமாகாது. அதன்மேல் பெறப்படும் கையொப்பமும் உண்மையான ஒப்புதலாகாது. ஒப்புதல் படிவங்களையும் நோய்விளக்கக் குறிப்புகளையும் தமிழில் ஆக்கும் பணியில் மருத்துவக் கல்லூரிகளும் தமிழ்த் துறைகளும் இணைந்து ஈடுபடுதல் வேண்டும். மானிப்பாயில் மருத்துவ ஆசிரியரும் தமிழ் மாணவரும் ஒருங்கிருந்து செய்த பணி அதற்குரிய முன்மாதிரியாகும். கிறீனின் நூல்களைப் பழைய சொற்களின் தொகுப்பாக மட்டும் பாராமல், மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதற்காக உருவாக்கப்பெற்ற கருவிகளாகக் கொண்டு மறுபடி படித்தல் தமிழாய்வாளரின் கடமையாகும்.