எல்.சி.இ. தேறிய விஸ்வேஸ்வரய்யா

அணை கட்டியவர் என்று சர் எம். விஸ்வேஸ்வரய்யாவை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடிச்சது அவர் பரீட்சை எழுதிய கதைதான்.

மைசூர் சமஸ்தானத்து முத்தேனஹள்ளியில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துபோனார். பெங்களூரில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே சென்ட்ரல் காலேஜில் படித்து, 1881-ல் பி.ஏ. தேறினார். அடுத்தவர் பிள்ளைக்குப் பாடம் சொன்னபிறகு தன் பாடத்துக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்? (எங்க வீட்டில் முதன்முதலாய்ப் படிக்க வந்த நானும் டியூஷன் எடுத்துத்தான் பரீட்சை ஃபீஸ் கட்டுகிறேன். நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு நமக்கு மறக்காது, அது நிஜம்.)

மைசூர் அரசின் உதவித்தொகையில் புனே போனார். 1883-ல் எல்.சி.இ. தேர்வில் முதலிடம்! அடுத்த வருஷமே பம்பாய் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர். 1903-ல் கடக்வாஸ்லா அணையில் அவருடைய தானியங்கி மதகுகள் வந்தன. வெள்ளம் ஏறினால் ஆள் தொடாமலே திறக்கும்.