வேகனரின் வழக்கு

அஸ்திவாரத்தை நம்பி வீடு கட்டுகிறோம். எல்லைக் கல்லை நம்பி வியாஜ்யம் ஆடுகிறோம். அந்தக் கல்லும் அது நாட்டப்பட்ட கண்டமும் சேர்ந்தே நகர்கின்றன என்று சொல்லி, பூகர்ப்ப சாஸ்திரிகளின் பரிகாசத்துக்கு ஆளானவர் ஆல்பிரெட் வேகனர். அவருடைய சரித்திரத்தை நேயர்களுக்கு இன்று கூற விரும்புகிறோம்.

வேகனர் 1880-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பெர்லின் நகரில் ஒரு பாதிரியாரின் புதல்வராகப் பிறந்தார். வான சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றபின், காற்று மழைகளை ஆராயும் துறையில் புகுந்தார். 1906-ல் சகோதரர் கூர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் தங்கி, அந்நாளைய உலக சாதனையை நிலைநாட்டினார். அவ்வாண்டே முதன்முறையாகக் கிரீன்லாந்துக்கும் சென்றார். பூகர்ப்ப சாஸ்திரம் அவர் முறையாகப் பயின்ற துறையன்று. பின்னால் வந்த சங்கடங்களில் பாதி இதனால் விளைந்ததே.

தென் அமெரிக்காவின் கீழ்க்கரையும் ஆப்பிரிக்காவின் மேல்கரையும் கிழித்த காகிதத்தின் இரு துண்டுகள்போல் பொருந்துவதைத் தேசப்படத்தில் கண்டவர் பலர். வேகனர் கண்டதோடு நில்லாமல் சாட்சிகளைத் திரட்டினார். 1912 ஜனவரியில் பிராங்க்பர்ட் நகரில் தமது சித்தாந்தத்தை வெளியிட்டார். பிறகு யுத்தம் வந்தது. கையிலும் கழுத்திலும் காயம்பட்டு ஓய்விலிருந்த காலத்தில் நூலை எழுதி 1915-ல் அச்சேற்றினார்.

கூண்டில் ஏறிய சாட்சிகளில் நமது தேசமும் ஒன்று. கிளாஸாப்டெரிஸ் என்னும் மரத்தின் இலைப்பதிவுகள் இந்திய நிலக்கரிப் படிவங்களில் கிடைக்கின்றன. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் அவையே கிடைக்கின்றன. ஒடிசாவிலுள்ள தால்ச்சேரில், பனிப்பாறைகள் உருட்டிவந்த கற்களை 1856-லேயே கண்டறிந்தார்கள். வெயில் கொளுத்தும் அவ்விடத்தில் பனிப்பாறை எங்கிருந்து வந்தது? கண்டங்கள் அசையா என்போருக்கு விடை கூறுவது கடினம். சுமார் 30 கோடி வருஷங்களுக்கு முன் இந்நிலங்கள் யாவும் தென் துருவத்தை அடுத்து ஒன்றாயிருந்தன என்றால் விடை எளிது. அப்பெருநிலத்துக்கு வழங்கும் கோண்டுவானா என்ற பெயரும் நம் மத்திய இந்தியாவின் கோண்டர் நாட்டிலிருந்து எடுத்ததே.

எதிர்க்கட்சியாரின் கேள்வி ஒன்றே: கண்டத்தைத் தள்ளும் சக்தி எது? வேகனர் பூமியின் சுழற்சியையும் சந்திர சூரியரின் ஈர்ப்பையும் காட்டினார். இங்கிலாந்தின் ஹரால்டு ஜெப்ரீஸ் கணக்கிட்டு, அவை மிக அற்பமானவை என்றார். கணக்கு சரியே. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்கிறதென்று வேகனர் நம்பியதும் பிழையே. இவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆயினும், செயல் நடந்தது என்று சாட்சிகளால் ருஜுவானபின், நோக்கம் விளங்கவில்லை என்பதற்காக மட்டும் நீதிஸ்தலம் வழக்கைத் தள்ளிவிடுவதில்லை என்பது சட்டத் தொழிலில் பழகிய நமக்குத் தெரியும். 1926-ல் நியூயார்க்கில் கூடிய பண்டிதர்களில் பெரும்பாலோர் அவ்வாறு தள்ளிவிட்டார்கள்.

அவர் தேடிய சக்தி பூமியின் கர்ப்பத்திலே இருந்தது. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரையுள்ள பாறை, திடமாயிருந்தும், உள்வெப்பத்தால் கோடிக்கணக்கான வருஷங்களில் மெல்லப் புரள்கிறது. சூடேறியது எழும், ஆறியது இறங்கும். ஆர்தர் ஹோம்ஸ் இதை 1930-ஐ ஒட்டியே கூறினார், செவிசாய்த்தோர் சிலர். 1960-களில்தான், நடுக்கடல் மலைத்தொடர்களில் புதுத்தரை உண்டாகி இருபுறமும் விலகுவது, பாறைகளில் பதிந்த காந்தக் குறிகளால் நிச்சயமாயிற்று. வேகனர் எண்ணியபடி கண்டங்கள் கடற்றரையை உழுது செல்லவில்லை. பெருந்தகடுகளின்மேல் ஏறிச் செல்கின்றன. இந்தியா வடக்கே வந்து ஆசியாவில் மோதியதால் இமயம் எழுந்தது. இன்றும் நமது நிலம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்கிறது.

இத்தீர்ப்பைக் கேட்க வேகனர் உயிரோடு இல்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனிமேட்டின் நடுவே, கரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே, இரு தோழர்கள் குளிர்காலத்தைக் கழிக்க இருந்தனர். அவர்களுக்குச் சாமான் சேர்க்கவே அவர் புறப்பட்டார். உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் குளிருக்கு அஞ்சித் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அக்டோபர் 30-ந் தேதி மூவர் போய்ச் சேர்ந்தனர். ஒருவருக்குக் கால்விரல்கள் உறைந்து போயிருந்தன; அவர் அங்கேயே தங்கினார். இருந்த உணவு ஐவருக்குப் போதாது. நவம்பர் 1-ந் தேதி, தமது 50-வது பிறந்த நாளன்று, வேகனர் ராஸ்மஸ் வில்லும்சன் என்ற கிரீன்லாந்து இளைஞருடன் கரைக்குத் திரும்பப் புறப்பட்டார்.

1931 மே மாதம் வழியிலே நிறுத்தியிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைக் கண்டு தோண்டினார்கள். வேகனரின் உடலைத் துணியில் தைத்துப் பொதிந்து, மிகுந்த கவனத்துடன் அடக்கம் செய்திருந்தார் வில்லும்சன். வேகனரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவர் மேலும் நடந்திருக்கிறார். அக்குறிப்பும் அகப்படவில்லை, அவ்விளைஞரும் அகப்படவில்லை.