எருக்குழி கண்ட அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட்

டில்லிவாழ் தமிழரான நமக்குப் பூசா என்றால் கரோல்பாக்கை அடுத்த விவசாய ஆராய்ச்சிக்கழகமே நினைவுக்கு வரும். அப்பெயர் பீகாரிலுள்ள ஒரு சிற்றூரினுடையது. 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் ஆங்கிருந்த கழகம் சிதைந்தபின், 1936-இல் பெயருடன் டில்லிக்குக் குடிபெயர்ந்தது. அப்பழைய பூசாவுக்கு 1905-இல் தாவரவியல் அறிஞராக வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

1873-இல் இங்கிலாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராய்ந்தவர். பூசாவில் அவரும், தாமே தேர்ந்த விஞ்ஞானியான மனைவியார் கேப்ரியலும் கண்ட கோதுமை வகைகள் நாடெங்கும் பரவின. ஆயினும் அவர் மனம் விதையோடு நிற்கவில்லை. சுற்றுவட்டாரக் குடியானவர்களின் வயல்களில் பூச்சியும் நோயும் குறைவாயிருப்பதைக் கண்டு, அவர்களையே ஆசான்களாகக் கொண்டார். பட்டம் பெற்ற ஒருவர் ஏர் பிடிப்பவனிடம் பாடம் கேட்பது அந்நாளில் எளிய செயலன்று.

1924-இல் இந்தூரில் பருத்தி ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் எழுந்தபோது அதன் தலைமை அவரைச் சேர்ந்தது. அந்நாளில் நம் நாட்டில் சாணத்தின் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்பில் எரிந்தது. நிலமோ பட்டினி கிடந்தது. விறகில்லாத ஏழையை வரட்டி தட்டாதே என்று தடுப்பது எங்ஙனம்? எஞ்சும் சிறிதளவு சாணத்தைக் கொண்டே மிகுதியான எருவை ஆக்க வழி தேடினார் ஹோவர்ட். பருத்தி மிலாறு, துவரைத் தட்டை, கரும்புச் சோகை, களை முதலியவற்றை ஆழமில்லாத குழியில் பரப்பி, இடையிடையே சாணமும், கோமியம் ஊறிய தொழுவ மண்ணும், சாம்பலும் தூவி நீர் தெளித்தார். கடினமான மிலாறுகளை வண்டிப் பாதையில் போட்டுச் சக்கரங்களாலேயே நசுக்கிக்கொண்டார். சாணம் இங்கு உறைமோரின் வேலையைச் செய்கிறது என நம் வீட்டுப் பெண்மணிகட்குச் சொன்னால் போதும். குவியல் உள்ளே சூடேறும். காற்றோட்டத்திற்காக மும்முறை கிளறப்பட்டு, மூன்று திங்களில் கரிய மணமுள்ள மக்காகும். இதில் யஷ்வந்த் வாட் என்னும் ரசாயன அறிஞர் அவருக்குத் துணை நின்றார்.

1930-இல் கேப்ரியல் அம்மையார் மறைந்தார். கால் நூற்றாண்டு உடனுழைத்த துணையை இழந்த ஹோவர்ட் அடுத்த ஆண்டில் தாயகம் திரும்பினார். இந்தூர் முறையை விளக்கும் நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. ரசாயன உரத்தையே நம்பிய விஞ்ஞானிகள் பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. அவரும் அவர்களைக் கடிந்துரைக்கத் தயங்கவில்லை. மண்ணின் நலத்தால் எல்லா நோயும் அகலும் என்ற அளவுக்கு அவர் சென்றது மிகையென்றே நமக்கும் தோன்றுகிறது. குழியின் பயனை அது குறைத்துவிடவில்லை. 1935-இல் காந்தியடிகள் இந்தூர் சென்று இம்முறையை நேரில் கண்டார்.

1947 அக்டோபரில், இந்தியா விடுதலை பெற்ற இரண்டு திங்களில், ஹோவர்ட் காலமானார். கேப்ரியலின் தங்கையும் ஹோவர்டின் இரண்டாம் மனைவியுமான லூயிஸ் அம்மையார், அவருடைய இந்தியப் பணியை 1953-இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.