சங்கர்லாலைத் தந்த தமிழ்வாணன்

தமிழில் துப்பறியும் கதை எழுதியவர்கள் பலர். அவர்களில், பெயரைச் சொன்ன உடனே முகமும் நினைவுக்கு வருகிறவர் ஒருவர் உண்டு. கண்களில் கறுப்புக் கண்ணாடி. தலையில் தொப்பி. அவர்தான் தமிழ்வாணன்.

அவர் சென்னையில் உட்கார்ந்து எழுதினார். ஆனால் அவருடைய வாசகர்கள் சென்னையோடும் தமிழ்நாட்டோடும் நின்றுவிடவில்லை. தமிழ் வார இதழ்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் எல்லாம் அவரும் போய்ச் சேர்ந்தார். கர்நாடகத்தில் கோலார் தங்கவயலும், அதன் ஆண்டர்சன்பேட்டையும் அப்படிப்பட்ட இடங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய வீட்டுப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆகிய மூவரும் ஒரே புத்தகத்துக்குப் போட்டி போட வைத்த எழுத்து அவருடையது.

தேவகோட்டைப் பிள்ளை

தமிழ்வாணன் 1926-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி, செட்டிநாட்டைச் சேர்ந்த தேவகோட்டையில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் இராமநாதன்.

நகரத்தார் குடும்பப் பிள்ளைகள் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்யப் போவது அந்தக் காலத்து வழக்கம். இராமநாதனோ தொழிலை விட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ்வாணன் என்று பெயர் சூட்டியவர், தமிழ்த்தென்றல் திரு.வி.கலியாணசுந்தரனார். தமிழறிஞர் ஒருவர் கொடுத்த அந்தப் பெயர், பிற்காலத்தில் துப்பறியும் கதைகளின் அட்டையில் கொட்டை எழுத்தில் இடம்பெற்றது.

'அணில்' என்ற சிறுவர் பத்திரிகையில் ஆசிரியராக இருந்து, குழந்தைகளுக்கு எழுதப் பழகினார். எளிய சொல், குட்டி வாக்கியம், அடுத்தது என்ன என்று கேட்க வைக்கும் முடிப்பு. குழந்தைகளுக்காகக் கற்ற இந்த வித்தைதான் பின்னர் பெரியவர்களையும் கட்டிப்போட்டது.

கல்கண்டு பிறந்தது

எஸ்.ஏ.பி.அண்ணாமலையை ஆசிரியராகக் கொண்டு 1947-ம் ஆண்டு 'குமுதம்' தொடங்கப்பட்டது. அதே குழுமத்தில் இருந்து 1948-ம் ஆண்டு 'கல்கண்டு' வெளிவந்தது. அதன் ஆசிரியர் பொறுப்பு தமிழ்வாணனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 22. இறக்கும் வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

'கல்கண்டு' பத்திரிகை பெயருக்கு ஏற்றபடியே இருந்தது. வாயில் போட்டால் கரையும் அளவுக்குச் சின்னச் சின்னத் துணுக்குகள். உலகச் செய்தி, விஞ்ஞானம், உடல்நலம், வீட்டுக் குறிப்பு, சினிமா, கேள்வி-பதில், கூடவே ஒரு தொடர்கதை. நீண்ட கட்டுரை படிக்கப் பழக்கம் இல்லாதவரும், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் பத்து நிமிடத்தில் பல செய்திகளைத் தெரிந்துகொள்ள முடிந்தது.

'துணிவே துணை' என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட முழக்கம். அது கதையோடு நிற்காமல் வாசகர்களின் நோட்டுப் புத்தகங்களிலும் ஏறியது.

முன்னோடிகள்

தமிழ்வாணனுக்கு முன்பே தமிழில் துப்பறியும் நாவல்கள் இருந்தன. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி அய்யங்கார் ஆகிய மூவரும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கான வாசகர்களை ஈர்த்தவர்கள். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூராரின் திகம்பர சாமியாரும் பிற்பாடு சினிமாவிலும் வந்தார்கள்.

ஆனால் அந்த நாவல்கள் பெரும்பாலும் தடித்த புத்தகங்கள். வாக்கியங்கள் நீண்டவை. வடமொழிச் சொற்கள் நிறைந்தவை. பல கதைகள் ஆங்கில நாவல்களைத் தழுவியவை. ஓய்வு உள்ளவர்கள் சாய்வு நாற்காலியில் சாய்ந்து படிப்பதற்கு ஏற்றவை.

சுதந்திரத்துக்குப் பிறகு புதிய வாசகர் கூட்டம் ஒன்று உருவானது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், தொழிலாளிகள், சின்னக் கடைக்காரர்கள், இல்லத்தரசிகள். இவர்களுக்குக் கையில் இருந்த நேரம் கொஞ்சம், காசும் கொஞ்சம். இவர்களுக்காக எழுத வந்தவர்தான் தமிழ்வாணன்.

வந்தார் சங்கர்லால்

அவர் படைத்த துப்பறியும் நிபுணரின் பெயர் சங்கர்லால். அமைதியானவர், எதற்கும் பதறாதவர். சிக்கல் முற்றும்போது அவர் கேட்பது ஒரு கோப்பைத் தேநீர்தான். அவருக்கு இந்திரா என்ற மனைவி உண்டு. தேநீர் கொண்டுவர மாது உண்டு. உதவிக்குக் கத்தரியும் மாணிக்கமும் உண்டு. போலீஸ் அதிகாரி வகாப் நண்பராக வருவார்.

வாசகர்களுக்கு இவர்கள் எல்லாரும் உறவினர் போல ஆகிவிட்டார்கள். கதை எந்த ஊரில் நடந்தாலும், இந்தக் குடும்பம் வந்துவிட்டதா என்று தேடிப் பார்ப்பது வாசகர்களின் வழக்கமாகிவிட்டது.

தலைப்பு வைப்பதிலும் தமிழ்வாணன் சமர்த்தர். 'இன்னொரு செருப்பு எங்கே?' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைப்பது எளிது அல்ல. 'டோக்கியோ ரோஜா', 'ஹாங்காங்கில் சங்கர்லால்' போன்ற தலைப்புகளோ, வாசகரை அட்டையிலேயே விமானத்தில் ஏற்றிவிட்டன.

தேவகோட்டைக்காரர்கள் வட்டிக்கடைக் கணக்கோடு கடல் கடந்தார்கள். தமிழ்வாணன் தம் கதைநாயகனைக் கடல் கடந்து அனுப்பினார். பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்திராத வாசகரும் அவரோடு அயல்நாட்டு ஓட்டல்களில் தங்கினார், வாடகைக் காரில் எதிரியைத் துரத்தினார், உளவாளிகளின் சதியை முறியடித்துவிட்டு ஊர் திரும்பினார்.

ஜேம்ஸ்பாண்டும் சங்கர்லாலும்

உளவுக் கதை என்றால் உலகம் முழுவதும் நினைவுக்கு வருகிறவர் இயான் பிளெமிங். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை உளவுத் துறையில் பணிபுரிந்தவர். 1953-ம் ஆண்டு அவருடைய முதல் ஜேம்ஸ்பாண்டு நாவல் வெளிவந்தது. 1962-ம் ஆண்டு பாண்டு சினிமாத் திரைக்கு வந்த பிறகு, துப்பாக்கி பிடித்த கதைநாயகர்கள் எல்லாரையும் அவரோடு ஒப்பிடுவது வழக்கமாயிற்று. சங்கர்லாலையும் தமிழ்நாட்டு ஜேம்ஸ்பாண்டு என்று சொன்னவர்கள் உண்டு.

இருவருக்கும் பொதுவாக இருப்பவை விமானம், துப்பாக்கி, அயல்நாட்டு நகரம் ஆகியவைதான். பாண்டு மது அருந்துவார். ஊருக்கு ஒரு காதலி உண்டு. சங்கர்லால் தேநீரைத் தாண்டுவதில்லை. இந்திராவைத் தவிர வேறு பெண்ணை நாடுவதில்லை. அரசாங்கத்தின் பெயரால் கொல்வதற்கு உரிமம் பெற்றவர் பாண்டு. மூளையால் வெல்வதைப் பெருமையாக நினைப்பவர் சங்கர்லால்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஆசிரியரின் ஒழுக்கம் மட்டும் அல்ல. யார் வீட்டுக்குள் தம் புத்தகம் போகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். அப்பா படித்த புத்தகத்தை மகளும் படிப்பாள். ஒரே அறை உள்ள வீட்டில் ஒளித்து வைக்க இடம் கிடையாது. ஆகவே ஒளித்து வைக்க வேண்டாத புத்தகத்தை அவர் எழுதினார்.

தங்கவயல் வாசகர்கள்

தங்கவயல் படிப்பை மதித்த ஊர். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின், 1926-ம் ஆண்டு முதல் ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலில் இருந்துதான் வெளிவந்தது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களில் இருந்து சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்கள், மண்வெட்டியோடு பத்திரிகையையும் பிடித்தவர்கள்.

அவர்களுடைய வேலை கடுமையானது. சாம்பியன் ரீப் சுரங்கம் 10 ஆயிரம் அடி ஆழத்துக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. உள்ளே வெப்பம், தூசி. எந்த நேரத்திலும் பாறை வெடிக்கலாம் என்ற அச்சம். ஷிப்டு முடிந்து மேலே வந்தவனுக்கு வேண்டியது கொஞ்சம் காற்று, கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் கதை.

வார இதழில் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்து 'பைண்டு' செய்து வைத்துக்கொள்வது தமிழ்க் குடும்பங்களின் அந்தக் காலத்துப் பழக்கம். அந்தப் பைண்டு புத்தகம் வீடு வீடாகப் போகும். சவரக்கடைப் பெஞ்சிலும் டீக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். கை மாறிக் கை மாறிக் கடைசிப் பக்கம் காணாமல் போனால், கொலைகாரன் யார் என்பதை வாய்வழியாகவே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்!

வேற்று மாநிலத்தில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. தமிழ்வாணனின் பாத்திரங்கள் கொச்சை பேசுவதில்லை. திருடனும் திருத்தமான தமிழில்தான் பேசுவான். இது இயல்பாக இல்லை என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். ஆனால் தெருவில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து ஒலிக்கும் ஊரில், பிழை இல்லாத தமிழ் வாக்கியம் எப்படி இருக்கும் என்று காட்டும் புத்தகம் ஒன்று பிள்ளைகளின் கைக்குக் கிடைத்தது. வாத்தியார் அடித்தும் ஏறாத தமிழ், சங்கர்லாலைத் துரத்திக்கொண்டு போகையில் தானாக ஏறியது.

கேள்விக்குப் பதில்

கதைக்கு ஈடாக அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, 'கல்கண்டு' கேள்வி-பதில் பகுதி. முகப்பரு முதல் விண்வெளிப் பயணம் வரை வாசகர்கள் எதையும் கேட்டார்கள். அவர் எதற்கும் தயங்காமல், சுருக்கமாக, உறுதியாகப் பதில் சொன்னார்.

பெரிய மனிதர்களிடம் கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லாத மக்களுக்கு அது புதிய அனுபவம். ஒரு தபால் கார்டு வாங்கிக் கேள்வியை எழுதிப் போட்டால், ஊர்ப் பெயரோடு அது அச்சில் வரும். அதைக் கத்தரித்துப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் உண்டு. தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் முகவரியாக வரைந்து அனுப்பிய கடிதமும் அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள்.

எதிர்ப்பும் குறையும்

எல்லாம் தெரிந்தவர் என்ற பட்டத்தை அவர் விரும்பியே ஏற்றுக்கொண்டார். கைரேகை, மருத்துவம், வரலாறு, வாழ்க்கை முன்னேற்றம் என்று எதையும் விட்டுவைக்காமல் புத்தகம் எழுதினார். ஒருவரே இத்தனை துறைகளில் எழுதும்போது ஆழம் குறைவது இயற்கை. அவருடைய நூல்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

வீரபாண்டிய கட்டபொம்மனைத் தமிழகம் கொண்டாடிய காலத்தில், அவரைக் கொள்ளைக்காரன் என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார். பலத்த எதிர்ப்பு எழுந்தது. அவரைப் போற்றியவர்களில் பலரும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு உடன்படவில்லை. கூட்டத்தோடு போகாத அவருடைய துணிவுக்கும், அந்தத் துணிவு தவறான இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கும் அந்த நூலே சான்று.

இலக்கியவாதிகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. இலக்கிய வரலாறுகளில் அவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. அவரும் அதற்காக ஏங்கியவராகத் தெரியவில்லை.

மறைவு

1977-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி தமிழ்வாணன் காலமானார். அப்போது அவருக்கு வயது 51. அவருடைய மகன் லேனா தமிழ்வாணன் 'கல்கண்டு' ஆசிரியர் பொறுப்பை ஏற்றுத் தொடர்ந்து நடத்தினார். மணிமேகலைப் பிரசுரம் தமிழ்வாணனின் நூல்களை மீண்டும் மீண்டும் வெளியிட்டது.

அவர் உயிரோடு இருந்தபோதே, 1968-ம் ஆண்டு 'குமுத'த்தில் 'நைலான் கயிறு' எழுதி சுஜாதா புதிய பாதை போட்டார். 1980-களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பஸ் நிலையக் கடைகளில் தொங்கின. இவர்கள் எழுத வந்தபோது, துப்பறியும் கதை படிக்கும் பெருங்கூட்டம் ஒன்று ஏற்கனவே தயாராக இருந்தது. அந்தக் கூட்டத்தைத் திரட்டியதில் தமிழ்வாணனுக்குப் பெரும் பங்கு உண்டு.

நின்ற புகழ்

கோலார் தங்கச் சுரங்கம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. வேலை போனபிறகு, தங்கவயலைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் விடிவதற்கு முன்பே ரெயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் ஆனார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் குறைந்து போனார்கள். வீட்டில் தமிழ் பேசியும், தமிழ் படிக்கத் தெரியாத தலைமுறை ஒன்று வளர்ந்திருக்கிறது.

இந்த நிலையில்தான் தமிழ்வாணனின் அருமை நன்றாகத் தெரிகிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பவனைப் பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டு போக ஓர் எழுத்தாளர் வேண்டும். அவர் கம்பனாகவோ புதுமைப்பித்தனாகவோ இருக்க வேண்டியது இல்லை. முதல் புத்தகத்தை முடிக்க வைத்தால் போதும். அடுத்த புத்தகத்தை வாசகனே தேடிக்கொள்வான்.

ஆண்டர்சன்பேட்டையில் பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தால், அட்டை கிழிந்த சங்கர்லால் புத்தகம் இன்னும் சில வீடுகளில் கிடைக்கக்கூடும். அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போடுவதற்கு முன், வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து முதல் இரண்டு பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பார்க்கலாம். மூன்றாவது பக்கத்துக்கு அழைத்துப் போகும் வேலையைத் தமிழ்வாணன் பார்த்துக்கொள்வார்.