டார்வின் பெருமகனாரும் கடவுளுண்மையும்

கடவுள் உண்டோ இல்லையோ என்னும் வினா நம் நாட்டிற்குப் புதிதன்று. உலகாயதனைப் பரபக்கத்தின் தலைவாயிலில் நிறுத்தி, அவன் கூற்றை முற்ற எடுத்தோதிப் பின்னரே மறுக்கப் புகுந்தனர் நம் ஆசிரியன்மார். எதிரி கூறாததைக் கூறினானாக வைத்து மறுப்பது மறுப்பாகாதென்பது அவர்தம் துணிபு. அம்முறை பற்றியே, கடவுட் கொள்கைக்குப் பெரும் பகைவரெனச் சமயத்தார் பலரானும் இகழப்பட்ட சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். இவரைப் பற்றி நம் மேடைகளிற் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒன்றே: மக்கள் குரங்கினின்று தோன்றினரென்று கூறிக் கடவுளை இல்லையென்றவர் என்பது. அதன் முற்பகுதி அரைகுறை, பிற்பகுதி முழுப்பிழை.

இவர் 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ராபர்ட் டார்வின் பேர் பெற்ற மருத்துவர். சமயத்தில் நம்பிக்கை இலராயினும் அதனை வெளிப்பட உரைத்துத் திரிந்தவரல்லர். அன்னையாரை எட்டாம் அகவையிலேயே இழந்தார். தந்தையின் விருப்பப்படி 1825இல் எடின்பரோ நகருக்கு மருத்துவம் பயிலச் சென்றார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்ட அறுவையைக் கண்ட அளவில் அவ்விடத்தினின்றும் விரைந்து வெளியேறினார். மீண்டும் அப்பக்கம் செல்லவில்லை. பிறிதின் நோயைத் தன்னோய்போற் கொள்ளும் இவ்வியல்பை அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்; இவர்க்குப் பின்னர் எழுந்த ஐயங்களுட் பெரியதற்கு வித்து இதுவே என்பது எம் கருத்து.

மருத்துவம் ஆகாதெனக் கண்ட தந்தையார் மகனைச் சமயகுருவாக்க எண்ணி 1828இல் கேம்பிரிட்ஜ் கல்லூரிக்கு அனுப்பினார். கடவுளை மறுத்தவரென்று தூற்றப்படுபவர் குருத்துவத்திற்கே பயின்றவர் என்பது வியப்பன்றோ? ஆங்குப் பேலி என்னும் பாதிரியாரின் நூல்களைப் பெருவிருப்புடன் கற்றார். வெட்டவெளியிற் கிடக்கும் ஒரு கடிகாரத்தைக் கண்டவன், அதன் உறுப்புக்கள் ஒன்றற்கொன்று இயைந்திருத்தலை நோக்கி, இதனை ஆக்கிய தொழிலறிஞன் ஒருவன் உளனெனத் துணிவான். அங்ஙனமே கண்ணும் சிறகும் முதலியவற்றின் அமைப்பினை நோக்குவோன் அவற்றை ஆக்கிய இறைவன் உளனெனத் துணிதல் வேண்டும் என்பது, 1802இல் வெளிவந்த பேலியின் நூற்கருத்து. குடத்தைக் கண்டு குயவனைத் துணியும் நம் கருதலளவைக்கு இஃது உடன்பிறந்தது போலத் தோன்றும். எத்துணை அளவிற்கு உடன்பிறந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பீகிள் என்னும் கப்பலிற் புறப்பட்டு, தென்னமெரிக்கா முதலிய நிலங்களைச் சுற்றி, 1836 அக்டோபர் 2ஆம் நாள் மீண்டார். கப்பலில் இருந்தபோது விவிலியத்தை மேற்கோளாகக் காட்டி அறம் உரைத்தமைக்காக உடனிருந்தோரால் நகையாடப்பட்டார் என்றால், அக்காலத்து இவர்தம் நம்பிக்கையின் உறுதி விளங்கும். மீண்டு வந்த பின்னரே அவ்வுறுதி சிறிது சிறிதாகத் தளர்ந்தது. அற்புதங்களை நம்புதல் அரிதாயிற்று. 1838இல் இவர்தம் உள்ளத்தில் ஒரு கருத்து உருவாயிற்று. பிறக்கும் உயிர்கள் பல, பிழைப்பன சில. பிறக்குங்கால் ஒன்றற்கொன்று சிறு வேற்றுமையுடையனவாய்ப் பிறக்கின்றன. சூழலுக்கு இயைந்த வேற்றுமையுடையன பிழைத்து அவ்வேற்றுமையைத் தம் வழியினவற்றிற்கு ஈகின்றன; ஏனையன அழிகின்றன. எண்ணிறந்த தலைமுறைகளில் இங்ஙனம் சிறிது சிறிதாகச் சேர்ந்த வேற்றுமையே புதிய இனமாகின்றது. இதனை இயற்கைத் தேர்வு என்பர். இது மெய்யாயின், கண்ணின் இயைபைக் காட்டிக் கண்ணை ஆக்கினோனைத் துணிதல் இயலாது. பேலியின் கடிகாரம், அவரைப் போற்றிக் கற்ற மாணவராலேயே உடைபட்டது.

அந்நாளில் இவர் எம்மா வெட்ஜ்வுட் என்னும் தம் மாமன் மகளாரை மணக்கக் கருதினார். எம்மா அம்மையார் ஆழ்ந்த பத்தியுடையவர். சமய ஐயங்களை மனைவியரிடம் மறைத்தலே நன்றென்று தந்தையார் மகனுக்கு அறிவுறுத்தினார். கணவன் நோயுற்றகாலை, நம்பாதவனாகிய இவன் மறுமையில் என் ஆவானோ என்று மனைவியர் படும் துயரை, மருத்துவராய்ப் பல இல்லங்களில் அவர் கண்டிருந்தார். மகனார் அதனைக் கேட்டிலர். மணத்திற்கு முன்னரே யாவும் உரைத்துவிட்டார். அதனை நினைக்குந்தோறும் இவர்பால் எமக்கு மதிப்பு மிகுகின்றது. 1839 ஜனவரி 29ஆம் நாள் மணம் நிகழ்ந்தது. அண்மையிலேயே அம்மையார் கணவர்க்கு ஒரு கடிதம் வரைந்தார். நிறுவப்படாத எதனையும் நம்பாத ஆராய்ச்சிப் பழக்கம், அவ்வாறு நிறுவுதற்கு இயலாத பொருள்களிலும் அவர்தம் உள்ளத்தை மிகுதியும் பற்றிக்கொள்ளுமோ என்று அதில் அஞ்சினார். தாம் இருவரும் என்றென்றும் ஒருவர்க்கொருவர் உரியராகாவிடின் தம் துயர் பெரிதென்றும் குறித்தார். அம்மையார் அளவை நூல் பயின்றவரல்லர். ஆயினும் காட்சியும் கருதலும் செல்லாத இடத்தை அவர் தொட்டுக் காட்டிய திறம், தருக்கம் கற்ற எம்மனோர்க்கும் எளிதன்று.

1842 முதல் டவுன் என்னும் சிற்றூரில் இருவரும் வாழ்ந்தனர். மக்கள் பதின்மர், அவருள் மூவர் இளமையிலேயே இறந்தனர். மூத்த பெண்ணாகிய ஆன்னி தந்தையாரின் கண்மணி. 1851இல் அவள் நோயுற்றாள். நீர்ச்சிகிச்சைக்குப் பேர் போன மால்வர்ன் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றனர். அம்மையார் நிறைசூலியாதலின் உடன் செல்ல இயலவில்லை. தந்தையார் மகளின் படுக்கையருகே இருந்து, நிகழ்வதை நாள்தோறும் மனைவிக்கு எழுதி வந்தார். ஏப்ரல் 23ஆம் நாள் அக்குழந்தை உயிர் நீத்தது. அதற்கு அகவை பத்து. அடக்கத்திற்கும் நில்லாது, இல்லத்தில் தனித்திருந்த மனைவியை ஆற்றுதற்கு விரைந்தார். ஒரு கிழமை கழித்து அம்மகளின் இயல்புகளையெல்லாம் நினைவு கூர்ந்து ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அம்மையாரோ மகள் எழுதுபொருள் வைத்திருந்த சிறு பெட்டியை இறுதிவரை காத்து வைத்திருந்தார். ஒரே துயரம் ஒருவரை இறைவனிடத்துச் செலுத்திற்று; மற்றவரிடத்து எஞ்சி நின்ற சிறு நம்பிக்கையையும் தேய்த்தது.

1859 நவம்பர் 24ஆம் நாள் உயிரினங்களின் தோற்றம் என்னும் இவர்தம் பெருநூல் வெளிவந்தது. மறுவாண்டு அமெரிக்காவிலிருந்த ஆசா கிரே என்னும் செடிநூலறிஞர்க்கு எழுதிய கடிதத்தில் இவர் தம் உள்ளத்தைத் திறந்து காட்டினார். ஆசா கிரே இயற்கைத் தேர்வையும் ஏற்றுக் கடவுளையும் ஏற்றவர். உயிருள்ள புழுவின் உடலுள் முட்டையிடும் ஒருவகைக் குளவி உண்டு. முட்டையினின்று வெளிப்படும் குஞ்சு அப்புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். அருளும் ஆற்றலும் நிறைந்த ஒருவன் இதனை வேண்டுமென்றே படைத்தானென்று தம்மால் நம்ப முடியவில்லை என்பது அக்கடிதத்தின் ஒரு கூறு. எனினும் இவ்வியத்தகு உலகத்தை, சிறப்பாக மக்களியல்பை, வெறும் முரட்டாற்றலின் விளைவென்று கொள்ளவும் அவர் மனம் இசையவில்லை. சட்டங்கள் திட்டமிட்டு அமைக்கப்பட்டன, அவற்றின் உட்கூறுகள் தற்செயலாய் நிகழ்கின்றன என்று கொள்ளலாமோ என எண்ணினார்; அதுவும் நிறைவளிக்கவில்லை. இப்பொருள் மக்களறிவிற்கு எட்டாதது, நியூட்டனின் அறிவை ஒரு நாய் ஆராயப் புகுந்தாற் போல்வது என்று முடித்தார்.

இக்குளவியைப் பற்றிப் படித்த அன்று யாம் நெடுநேரம் வாளா இருந்தோம். காரணம் அன்பர்க்கு விளங்கும். வேட்டுவக் குளவி ஒரு புழுவைக் கொணர்ந்து தன் மண்கூட்டில் வைத்து ஊதி ஊதித் தன்னுருவாக்கும் என்பதும், அங்ஙனமே குருவருள் உயிரைச் சிவமாக்கும் என்பதும் நம் நூல்களில் வழங்கிவரும் உவமை. டார்வினார் கூறிய குளவியும் நம் வேட்டுவனும் ஓரினமல்ல; ஆயினும் நெருங்கிய சுற்றம். யாம் முப்பதாண்டு அவ்வுவமையைக் கண்டறிந்த செய்தி போலவே பாடஞ்சொல்லி வந்தோம். ஒருநாள் மாணவனொருவன் சுவரிலிருந்த மண்கூட்டைப் பெயர்த்துக் கொணர்ந்து எம்முன் உடைத்தான். உள்ளே புழு குளவியாகவில்லை. குளவிக் குஞ்சு புழுவைத் தின்றுகொண்டிருந்தது. அவனைச் சினந்து அமர்த்தினோம். அச்சினம் தவறென்பதை உணர எமக்குச் சில ஆண்டுகள் ஆயின. அருளுக்கு உவமையாக யாம் காட்டிய பொருளே, அருளாளன் இலன்போலும் என்று ஐயுறுதற்கு மற்றொருவர் காட்டிய பொருளாயிற்று. உவமை பொய்த்தலால் உவமிக்கப்பட்டது பொய்யாகாதென்பது தருக்கமுறையில் ஒக்கும். ஆயினும் கூட்டை உடைத்துப் பாராமல் உவமை சொன்னவர் யாம். உடைத்துப் பார்த்தவர் அவர்.

இனி, கடிகாரம் உடைந்தமையால் நம் குயவனும் போயினனோ எனின், யாம் அங்ஙனம் கருதவில்லை. சிவஞானபோத முதற் சூத்திரம் கண்ணின் நுட்பத்தையும் சிறகின் அழகையும் காட்டி இறைவனை நிறுவுவதன்று. சுட்டியறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது. அறிவற்ற அது தானே தொழிற்படாது. ஆகலின் அதனைத் தொழிற்படுத்தும் முதல்வன் வேண்டும் என்பது அதன் போக்கு. இயற்கைத் தேர்வு உடம்புகள் வேறுபட்டு வரும் வழியைக் கூறுவது. அறியும் உயிர் யாது, அதற்கு உடம்பு எற்றுக்கு என்பவற்றைக் கூற வந்ததன்று. ஆயின் இயற்கைச் சட்டமே தொழிற்படுத்துமெனின் என் செய்வீர் என்று இக்காலத்தார் வினவுவர். அவ்வினாவிற்குப் பழைய விடையைத் திரும்பவும் ஓதுதல் போதாது. புதுவதாக எண்ணி விடை கூறும் கடன் நமக்கு உண்டு. துன்பத்திற்கோ வினையென்னும் விடை நம்பால் உளது. அதனை யாம் கைவிட்டோமல்லோம். எனினும் மால்வர்னில் அச்சிறுமியின் படுக்கையருகே நின்று அவள் தந்தைக்கு அவ்விடையைக் கூறுக எனின் எமக்கு நா எழாது.

டார்வினார் தம்மை நாத்திகரென ஒருபோதும் கூறிக்கொண்டவரல்லர். மிகுந்த ஏற்றத்தாழ்வுகளிலும் கடவுள் இலரென மறுக்கும் பொருளில் தாம் நாத்திகராயிருந்ததில்லை என 1879இல் ஒருவர்க்கு எழுதினார். ஹக்ஸ்லி என்பார் 1869இல் ஆக்கிய அஞ்ஞேயவாதி என்னும் சொல், அறியவொண்ணாதென அமைபவர் என்னும் பொருளது. அதுவே தமக்குப் பொருந்துமென்றார். 1880இல் ஏவ்லிங் என்னும் நாத்திகர் தம் நூலை இவர்க்கு உரிமையாக்க இசைவு வேண்டியபோது, தம் குடும்பத்தாருட் சிலர் மனம் நோவரென்பதனையும் காட்டி மறுத்தார். மறுவாண்டு அவரும் ஜெர்மானியராகிய புக்னரும் இவர் இல்லத்தில் உண்டபோது, நீவிர் ஏன் இத்துணைத் தாக்கிப் பேசுதல் வேண்டும் என்னும் கருத்துப்பட வினவினார். ஊர்ப் பாதிரியாருடன் நெடுநாள் நட்புப் பூண்டு, ஏழைகளுக்குரிய ஊர்ச் சங்கத்தின் பொருட் கணக்கையும் ஏற்று நடத்தினார்.

ஒன்றை மட்டும் இவர் கடுமையாக வெறுத்தார்: நம்பாதவர்க்கு முடிவிலா நரகம் என்னும் கோட்பாடு. அது மெய்யாயின் தம் தந்தையும் தமையனும் நண்பர்களும் என்றும் எரிவர் என்பதை இவர் உள்ளம் பொறுக்கவில்லை. இவர்தம் வாழ்க்கைக் குறிப்பில் இருந்த அக்கடுஞ்சொற்களை, மறைவிற்குப்பின் அம்மையாரின் விருப்பத்தால் நீக்கியே அச்சிட்டனர். பேர்த்தியாரொருவர் 1958இல் குறையாது வெளியிட்டார். மீளா நரகத்தைச் சித்தாந்தம் கொள்ளாது. இவர் வெறுத்தது நம் கொள்கையை அன்று என்பது தெளிவு.

1882 ஏப்ரல் 19ஆம் நாள் டார்வினார் மறைந்தார். ஊர்க் கல்லறையிற் கிடத்தலே இவர் எதிர்பார்த்தது. நாட்டாரோ 26ஆம் நாள் வெஸ்ட்மினிஸ்டர்ப் பெருங்கோயிலில், நியூட்டன் கிடக்கும் இடத்திற்கு அண்மையில் அடக்கினர். இறக்குங்கால் மனம் மாறிச் சமயத்திற்கு மீண்டார் என ஒரு கதை 1915இல் அமெரிக்காவில் அச்சேறிற்று. 1922இல் இவர் மகளார் ஹென்ரியட்டா அதனை முற்றும் மறுத்தார். இறைவன் உளன் என்பதற்கு இறந்தாரொருவரின் மேல் ஏற்றிய பொய்ச்சான்று வேண்டுமென எண்ணியவர், அவ்விறைவனை நம்பினாரோ என ஐயுறுகின்றோம்.

எம்மா அம்மையார் கணவரின் பேரடக்கத்திற்குச் செல்லவில்லை. டவுன் இல்லத்திலேயே தங்கிவிட்டார். அதன்பின் பதினான்காண்டு வாழ்ந்து 1896இல் மறைந்தார். மணமான அணிமையில் அவர் எழுதிய கடிதத்தைக் கணவர் நாற்பத்து மூன்றாண்டும் போற்றி வைத்திருந்தார். அதன் புறத்தே, தாம் இறந்த பின் மனைவி காணுமாறு, இதனைப் பன்முறை முத்தமிட்டு அழுதோம் என்னும் கருத்துப்படத் தம் கையால் எழுதியிருந்தார்.