பேக்கலைட் தந்த பேக்லண்ட்

பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் 1863-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் லியோ பேக்லண்ட் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். இருந்தும் 1884-இல் வேதியியலில் முனைவரானார். 1889-இல் அமெரிக்கா சென்றார். புகைப்படத் தாள் ஒன்றைக் கண்டுபிடித்து, 1899-இல் அதனை ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்துக்கு விற்றுச் செல்வரானார்.

அக்காலத்தில் மின்சாரக் கருவிகளுக்குக் காப்பாக நம் இந்தியாவின் அரக்கு பெரிதும் பயன்பட்டது. தேவையோ நாளுக்கு நாள் பெருகியது. பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் பிசின் உண்டாகும் என்பது முன்பே தெரிந்ததுதான். ஆனால் சூடாக்கினால் நுரைத்துப் பொங்கிப் பாழாகிவிடும். பிறர் சூட்டைக் குறைத்துப் பார்த்தனர். இவரோ சூட்டைக் கூட்டி, மூடிய கலத்தில் அழுத்தம் கொடுத்து நுரையை அடக்கினார். 1907-இல் பேக்கலைட் பிறந்தது!

தனிப் பிசின் எளிதில் நொறுங்கும். ஆகவே நுண்ணிய மரத்தூளைக் கலந்தார். தோழியரே, எனக்கு இதுவே பெரு வியப்பு! வலிமையும் கூடியது, விலையும் குறைந்தது. அக்கலவையைச் சூடான எஃகு அச்சில் இட்டு அழுத்தினால் இறுகிவிடும். பின்னர் எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. குக்கரின் கருப்புக் கைப்பிடியைப் பாருங்கள்.

பேக்லண்ட் 1944 பிப்ரவரி 23 அன்று காலமானார். அவருடைய பழைய அழுத்தக் கலம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.