கரும்பலகையிலிருந்து மூலிகைத் தோட்டத்திற்கு



ஆபிரகாம் பண்டிதர் என்றதும் தமிழிசையும், 1917-இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ‘பண்டிதர்’ என்று மக்கள் அவரை அழைத்தது அவருடைய மருத்துவத்திற்காக. அதற்கும் முன்பு அவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

1859 ஆகஸ்ட் 2 அன்று தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர் வடகரையில், எளிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியரானார். அந்நாட்களில் சுருளிமலைக்குச் சென்று கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்து, மூலிகைகளின் குணங்களையும் மருந்து செய்யும் முறையையும் அவரிடம் கற்றார். கிறிஸ்தவராக இருந்தும், நன்மை எங்கிருந்து வந்தாலும் அதை நன்றியோடு ஏற்கும் மனம் அவரிடம் இருந்தது. பின்னாளில் தம் மருந்துகளுக்குக் ‘கருணானந்தர் சஞ்சீவி’ என்று குருவின் பெயரையே சூட்டினார்.

திருமணத்திற்குப் பின் அவரும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் தஞ்சாவூர் வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினர். மதிப்பும் மாதச் சம்பளமும் உள்ள வேலை. ஆயினும் 1890-இல், ஏறத்தாழ முப்பது வயதில், பண்டிதர் அதை விட்டு முழுநேர மருத்துவரானார். தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைத் தோட்டம் அமைத்தார். அவருடைய மருந்துகள் கடல் கடந்தும் புகழ் பெற்றன. அந்த வருவாயைக் கொண்டே 1912 முதல் இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் நடத்தினார். 1919 ஆகஸ்ட் 31 அன்று இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, அவர் ஒரே நாளில் துணிந்து குதித்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆசிரியராக இருந்தபோதே ஆண்டுக்கணக்கில் கற்றார். பக்குவம் வந்தபின்பே வேலையை விட்டார். ஆசிரியப் பணியில் பெற்ற பொறுமையும், ஒன்றை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தும் பழக்கமும் மருந்துச் சாலையிலும் அவருக்குக் கைகொடுத்திருக்கும். முன்பு கற்றது எதுவும் வீணாவதில்லை.

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரையுள்ள நம் ஊர்களில் கல்லூரிகள் பல. அங்கே கற்பிக்கும் பணியை விட்டுச் செவிலியமோ மருத்துவமோ படிக்க விரும்புவோர் நம் குடும்பங்களிலும் இருக்கலாம். இந்த வயதில் மறுபடியும் மாணவரா, வீட்டுக் கடனை யார் அடைப்பது என்று வீட்டார் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானதே. இன்று குருவிடம் கற்றால் மட்டும் போதாது; சித்த மருத்துவப் பட்டத்திற்கே பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் ஆகும். நீட் தேர்வுக்கு மேல்வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டாலும், அத்தனை ஆண்டுகள் குடும்பம் எப்படி நடக்கும் என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கிட வேண்டும்.

மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. நோயுற்றோரைத் தேடிச் செல்லும் ஆசை ஒருவர் உள்ளத்தில் எழுந்தால், அதை உடனே அடக்கிவிடாமல், செபத்தோடும் முன்னேற்பாட்டோடும் சோதித்துப் பார்ப்போம். அவர்களுக்கு நாம் துணை நிற்போம்.